உங்கள் ஊரா, என் ஊரா? தமிழ்நாடு–ஜெர்மனி தம்பதிகள் எங்கே குடியேறுவது என்று முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒருவர் தமிழ்நாடு, இன்னொருவர் ஜெர்மனி. கல்யாணமாகி ஓரிரு வருஷத்தில் "கடைசியில் எங்கேதான் இருக்கப்போகிறோம்?" என்ற கேள்வி வந்துவிடும். பெரும்பாலானவர்கள் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுகிறார்கள். ஒரு பக்கம் சம்பளம், சுத்தமான காற்று, நேரத்துக்கு வரும் ரயில் (இதைப் படித்தால் ஜெர்மன்காரர்களே சிரிப்பார்கள்). மறுபக்கம் சாப்பாடு, வீட்டு வேலைக்கு ஆள், சொந்தபந்தம். அந்தத் தாளை வைத்து யாரும் முடிவெடுத்து நான் பார்த்ததில்லை.

சொந்த ஊர்க்காரர் எந்த நாட்டிலும் தன் பாட்டைப் பார்த்துக்கொள்வார். ஆகவே கணக்கு பார்க்க வேண்டியது, அந்த நாட்டுக்கு வெளியாளாக வந்து சேருகிறவரின் வாழ்க்கையை. ஜெர்மனி என்றால் தமிழ்நாட்டுக்காரருக்கு அங்கே என்ன கிடைக்கும்? தமிழ்நாடு என்றால் ஜெர்மன்காரருக்கு இங்கே என்ன கிடைக்கும்? கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான். வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொன்றும் முந்தையதின் விடையை நம்பி நிற்கிறது.

1. பேச உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

பாதிச் சண்டை தகவல் இல்லாததால் வருவது. திருமணப் பதிவுச் சான்றிதழ், இருவரின் பிறப்புச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ்கள், ஜெர்மன் ஓய்வூதியக் காப்பீட்டிலிருந்து வருஷாவருஷம் வரும் கணக்குக் கடிதம், இந்தியப் பி.எஃப். பாஸ்புக் ஆகியவற்றை முதலில் எடுத்து வையுங்கள். இரு தரப்புப் பெற்றோரின் வயது, உடல்நிலை, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்தாம் படியில் இது வேண்டும்.

தமிழ்நாட்டுக்காரர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் பெயர். பிறப்புச் சான்றிதழில் "மு. கயல்விழி", டிகிரியில் "கயல்விழி எம்", பாஸ்போர்ட்டில் "கயல்விழி முருகேசன்" என்று இருந்தால், ஜெர்மன் பதிவு அலுவலகத்தின் கண்ணுக்கு அது மூன்று பேர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் இன்னும் சிக்கல். எல்லாவற்றையும் ஒரே பெயருக்குக் கொண்டுவரும் வேலையை ஊரில் இருக்கும்போதே முடியுங்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டால், அங்கே வரும் கடிதமெல்லாம் "திருமதி முருகேசன்" என்றுதான் வரும். அது பரவாயில்லையா என்று முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கும் அந்தப் பெயர்தான் போய்ச் சேரலாம்.

அடுத்த தவறு, சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லும்படி அரசு தரும் சான்று முத்திரை) வாங்கப் பணம் செலவழிப்பது. இந்திய அப்போஸ்டிலை ஜெர்மனி ஏற்பதில்லை. அவர்கள் தூதரகம் வழியாகத் தாங்களே ஆவணச் சரிபார்ப்பு நடத்துவார்கள். அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

2. "நிரந்தரமாக" என்பதை இரண்டாக வெட்டுங்கள்

"வாழ்நாள் முழுக்க எங்கே?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. அடுத்த பத்துப் பதினைந்து வருஷம் எங்கே, அறுபதுக்குப் பிறகு எங்கே என்று பிரித்துக் கேளுங்கள். முதல் கேள்வியை வேலையும் பிள்ளைகள் படிப்பும் தீர்மானிக்கும். இரண்டாவதை மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் தீர்மானிக்கும். இரண்டுக்கும் ஒரே விடை வர வேண்டிய கட்டாயம் இல்லை. சம்பாதிக்கும் வயதில் ஒரு நாடு, ஓய்வில் இன்னொன்று என்று அமைவது சகஜம்தான். ஆனால் நடுவயதில் எடுக்கும் சில முடிவுகள் முதுமை வாசலைச் சாத்திவிடும். அதை ஏழாம் படியில் பார்ப்போம்.

3. வெளியாளின் சட்ட நிலை: எந்த வருஷம் என்ன கிடைக்கிறது

இந்தப் படியைத்தான் எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். முதலில் வர வேண்டியது இது.

ஜெர்மனிக்குப் போகும் தமிழ்நாட்டுக்காரர்: ஜெர்மன் குடிமகனை மணந்தவர் என்ற முறையில் குடும்ப விசா கேட்டால், பொதுவாக ஏ1 நிலை, அதாவது ஆரம்பநிலை, ஜெர்மன் மொழிச் சான்றிதழ் வேண்டும். சென்னையில் நுங்கம்பாக்கத்தில் உள்ள ஜெர்மன் மொழி மையமான மாக்ஸ்முல்லர் பவனில் தேர்வு எழுதலாம். போய் இறங்கி அனுமதி கையில் வந்ததும் வேலை செய்யும் உரிமை உண்டு. மூன்று வருஷம் ஒன்றாக வாழ்ந்து, பி1 (நடுத்தர நிலை) ஜெர்மனும் இருந்தால் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி, அதாவது பி.ஆர்., கேட்கலாம். விவாகரத்தோ மரணமோ நேர்ந்தால் சொந்தக் காலில் தங்கும் உரிமைக்கும் அந்த மூன்று வருஷம்தான் பொதுவான எல்லைக்கோடு. மரணத்தில் மட்டும் கொஞ்சம் தளர்வு உண்டு.

தமிழ்நாட்டுக்கு வரும் ஜெர்மன்காரர்: முதலில் துணைவருக்கான எக்ஸ் விசா. அதில் இங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் பதிவு செய்ய வேண்டும். கல்யாணத்தைப் பதிவு செய்து இரண்டு வருஷம் தொடர்ந்து நீடித்திருந்தால், இந்தியாவோடு தொடர்புள்ள வெளிநாட்டவருக்கான ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்தால் ஆயுள் முழுக்க வந்து போகலாம், தனியார் வேலை பார்க்கலாம், வீடு வாங்கலாம். ஓட்டு, அரசு வேலை, விவசாய நிலம் வாங்குவது ஆகியவை கிடையாது. "மாப்பிள்ளை பேரில் ரெண்டு ஏக்கர் தோப்பு வாங்கிப் போடலாம்" என்று மாமனார் கிளம்பினால் அன்றே நிறுத்துங்கள். முக்கியமான ஒன்று: விவாகரத்தானால், துணைவர் என்ற முறையில் வாங்கிய ஓசிஐயை அரசு ரத்து செய்யலாம்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். உறவு முறிந்தால் ஜெர்மனியில் வெளியாளுக்கு மூன்று வருஷத்துக்குப் பிறகு தனி உரிமை இருக்கிறது. இந்தியாவில் எத்தனை வருஷம் ஆனாலும் அவர் நிலை கல்யாணத்தில்தான் தொங்குகிறது. கல்யாணமான புதிதில் இதைப் பேச யாருக்கும் பிடிக்காது. பேசித்தான் ஆக வேண்டும்.

இதிலிருந்து ஒரு வரிசை கிடைக்கிறது. எங்கே போவது என்று இன்னும் முடிவாகவில்லை என்றால், முதலில் ஜெர்மனியில் இருந்து மூன்று வருஷத்தை முடித்து பி.ஆர். வாங்குங்கள். அங்கே இருந்தபடியே இரண்டு வருஷம் ஆனதும் இந்தியத் தூதரகம் வழியாக ஜெர்மன் துணைவருக்கு ஓசிஐ விண்ணப்பியுங்கள். அப்போது இரு நாட்டு வாசலும் திறந்திருக்கும். சாதாரணத் தங்கும் அனுமதி, ஆறு மாதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே இருந்தால் பொதுவாகக் காலாவதியாகிவிடும். ஆனால் ஜெர்மன் குடிமகனோடு சேர்ந்து வாழ்கிறவரின் பி.ஆர். அப்படிக் காலாவதியாகாது. கிளம்பும் முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அதற்கென்று ஒரு சான்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்து விமான நிலைய அதிகாரியிடம் சட்டப்பிரிவு விளக்க யாருக்கும் நேரம் இருக்காது.

இரண்டு வருஷம் எட்டு மாதத்தில் அவசரப்பட்டு ஊர் திரும்பியவர்கள் உண்டு. இன்னும் நான்கு மாதம் இருந்திருந்தால் போதும்.

குடியுரிமை: 2024 ஜூன் 27 முதல் ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. இந்தியா ஏற்பதில்லை. ஜெர்மன் குடியுரிமை வாங்கிய நிமிஷமே இந்தியக் குடியுரிமை போய்விடும், இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். "ஜெர்மனி இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்லுதே" என்று நம்பி இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பி.ஆர். இருந்தாலே தங்குவதற்குப் போதும். பாஸ்போர்ட் மாற்றும் முடிவைத் தனியாக, நிதானமாக எடுங்கள்.

4. வெளியாள் தன் சொந்தக் கையால் சம்பாதிக்க முடியுமா?

சட்டம் அனுமதித்தால் மட்டும் வேலை கிடைத்துவிடாது. தொழிலைப் பொறுத்து நிலைமை தலைகீழாக மாறும்.

ஜெர்மனியில் கணினித் துறை ஆட்களுக்கு ஆங்கிலத்திலேயே வேலை அமையலாம். செவிலியருக்கு வழக்கமாக பி2 (பி1-க்கு அடுத்த நிலை) மொழியும் படிப்பு அங்கீகாரமும் வேண்டும். மருத்துவருக்கு அதற்கு மேல், மருத்துவ ஜெர்மன் தேர்வும் உரிமமும். பி.எட். முடித்த ஆசிரியருக்குப் பெரும்பாடு, ஏனென்றால் அங்கே பள்ளி ஆசிரியரிடம் பொதுவாக இரண்டு பாடங்களில் பட்டம் எதிர்பார்க்கிறார்கள். வக்கீலுக்குக் கிட்டத்தட்ட முதலிலிருந்து படிப்பு. போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். அங்கீகார விண்ணப்பத்தை ஊரில் இருக்கும்போதே போடுங்கள். பல நேரங்களில் "குறைபாடு இருக்கிறது, இந்தப் பயிற்சி செய்" என்று பதில் வரும். அந்தப் பயிற்சி எவ்வளவு காலம் என்பதுதான் உங்கள் கணக்குக்கு வேண்டிய எண்.

நல்ல படிப்பும் வேலை ஒப்பந்தமும் இருந்தால், துணைவர் விசாவைவிட சொந்தத் தகுதியில் ப்ளூ கார்டு (படித்த திறன் பணியாளருக்கான தங்கும் அனுமதி) வாங்குவது பல விதத்தில் நல்லது. ஏ1 சான்றிதழ் தேவைப்படாது. பி1 மொழி இருந்தால் 21 மாதத்தில், ஏ1 மட்டும் என்றால் 27 மாதத்தில் பி.ஆர். கேட்கலாம். பெற்றோர் விஷயத்திலும் இது உதவும், அடுத்த படியில் சொல்கிறேன்.

தமிழ்நாட்டுக்கு வரும் ஜெர்மன்காரர் செய்யும் தவறு வேறு மாதிரி. ஒரகடத்தில் டைம்லர், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் பி.எம்.டபிள்யூ. இருக்கிறதே, எளிதாக நுழைந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். ஜெர்மனியிலிருந்து அனுப்பப்படும் ஊழியருக்கு வீடு, கார், பள்ளிக் கட்டணம் எல்லாம் உண்டு. இங்கே வந்து உள்ளூரில் சேருகிறவருக்கு உள்ளூர்ச் சம்பளம்தான். வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை என்றால் விசா நிபந்தனை, வரி, சமூகக் காப்பீடு மூன்றையும் எழுத்தில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

சம்பளத்தைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று உண்டு. திருச்சியில் கூட்டுக் குடும்பத்தில் ஓசிஐக்காகக் காத்திருக்கும் ஒரு ஜெர்மன் மாப்பிள்ளையை நினைத்துப் பாருங்கள். காலையில் மனைவி வேலைக்குப் போய்விடுவார். மாமியார் தோசை மேல் தோசையாக வைப்பார், பாசத்தில் குறை இல்லை. ஆனால் கரண்ட் பில் கட்ட, மருந்து வாங்க, ஆட்டோ பேச எல்லாவற்றுக்கும் மச்சான் கூட வருவார். ஆறு மாதத்தில் அவர் வீட்டு விருந்தாளியாகவே உறைந்துபோவார். ஆகவே ஒவ்வொரு நாட்டுக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: வெளியாளுக்குத் துணைவர் இல்லாமல் வங்கி, மருத்துவமனை, கடை ஆகியவற்றைக் கையாள எத்தனை காலம் ஆகும்? பேச்சுத் தமிழ் கற்றுக்கொள்ளும் எண்ணமே இல்லாத ஜெர்மன்காரர் சென்னையில் ஆங்கிலத்தை வைத்து ஓட்டலாம். சின்ன ஊரில் முடியாது. ஜெர்மனியிலும் அதேதான். பெர்லினில் ஓடும் ஆங்கிலம் கிராமத்து அலுவலகத்தில் ஓடாது.

5. பெற்றோர்

இதில்தான் முடிவுகள் உடைகின்றன. "பிறகு அப்பா அம்மாவைக் கூட்டிக்கொள்ளலாம்" என்பது தமிழ்க் குடும்பங்களில் சொல்லாமலே இருக்கும் நம்பிக்கை. ஜெர்மனியில் அது பெரும்பாலும் நடக்காது. சுற்றுலா விசாவில் 180 நாளில் 90 நாள்தான். நிரந்தரமாகப் பெற்றோரை அழைக்க அசாதாரணமான துன்ப நிலையை நிரூபிக்க வேண்டும். வயதாகிவிட்டது, தனியாக இருக்கிறார் என்பது மட்டும் போதாது. 2024 மார்ச் 1 அல்லது அதற்குப் பிறகு ப்ளூ கார்டு போன்ற திறன் பணியாளருக்கான அனுமதியை முதன்முறையாகப் பெற்றவர்களுக்குப் பெற்றோரை அழைக்க ஒரு வழி திறந்தது. துணைவர் விசாவில் போனவருக்கு அது கிடையாது. அந்த வழியிலும் வயதானவருக்கு மருத்துவக் காப்பீடு காட்டுவது பெரிய தடை. ஜெர்மன் பெற்றோர் இந்தியா வந்து நிரந்தரமாகத் தங்கவும் எளிய வழி இல்லை, மருமகளோ மருமகனோ இந்தியர் என்பதால் ஓசிஐ கிடைக்காது.

ஆகவே யாரோ இரண்டு பேர் தூரத்தில்தான் முதுமையைக் கழிக்கப்போகிறார்கள். யாருக்கு அந்தத் தூரம் அதிகம் வலிக்கும் என்று பாருங்கள். ஜெர்மன் பெற்றோருக்குப் பராமரிப்புக் காப்பீடு (முதுமையில் பிறர் உதவி தேவைப்பட்டால் கைகொடுப்பது) உண்டு, முதியோர் இல்லம் அங்கே அவமானமாகப் பார்க்கப்படுவதில்லை. பிள்ளையின் ஆண்டு வருமானம் ஒரு லட்சம் யூரோவைத் தாண்டினால்தான் 2020 முதல் பராமரிப்புச் செலவில் பங்கு கேட்பார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலான பெற்றோருக்குக் காப்பீடு என்பதே பிள்ளைகள்தான். பெற்றோர் பராமரிப்பு பற்றிய 2007-ம் ஆண்டு இந்தியச் சட்டமும் அவர்களைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகள் மேல் வைக்கிறது. மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புவது சம்பளத்தின் ஒரு பகுதி மாதிரி என்பதை ஜெர்மன் துணைவரிடம் தொகையோடு முன்பே சொல்லிவிடுங்கள். வங்கிக் கணக்கில் அவரே கண்டுபிடித்துக் கேட்கும் நிலை வர வேண்டாம்.

உடன்பிறந்தவர்களிடமும் பேசுங்கள். ஒரே பிள்ளை என்றால் கணக்கே வேறு. தங்கை பக்கத்துத் தெருவில் இருக்கிறார் என்றால், அவர் அதற்குச் சம்மதித்தாரா அல்லது நீங்களாக எடுத்துக்கொண்டீர்களா என்று கேளுங்கள்.

சாவுக்குப் போய்ச் சேருவதைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஜெர்மனியில் அடக்கம் ஒரு வாரம், பத்து நாள் கழித்து நடப்பது சாதாரணம். தமிழ்நாட்டில் இருக்கும் ஜெர்மன்காரர் பதறாமல் டிக்கெட் எடுத்துப் போய்ச் சேரலாம். இங்கே அன்றோ மறுநாளோ எடுத்துவிடுவார்கள். வெளிநாட்டுப் பிள்ளைக்காக ஃப்ரீசர் பெட்டியில் வைத்துக் காத்திருப்பார்கள் என்றாலும், "எப்ப வர்றாங்க, எத்தனை மணிக்கு எடுக்கிறது?" என்ற கேள்வி அடுத்த நாள் காலையிலேயே பந்தலுக்குள் எழும். ஃப்ராங்ஃபர்ட்டிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து ஊருக்கு இன்னொரு இரவு. ஜெர்மனியைத் தேர்ந்தெடுத்தால் கடைசி நேர டிக்கெட்டுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கி, அனுமதி அட்டையும் பாஸ்போர்ட்டும் காலாவதியாகாமல் வைத்திருங்கள். புதுப்பித்தல் விண்ணப்பம் நடுவில் நிற்கும்போது செய்தி வருவதுதான் மோசம்.

6. பிள்ளைகள்

இந்தியாவில் பிறந்தால், பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகன், மற்றவர் சட்டப்படி இங்கே இருப்பவர் என்றால் குழந்தை பிறப்பாலேயே இந்தியர். ஜெர்மன் பெற்றோர் வழியாக ஜெர்மன் குடியுரிமையும் வரும். ஆனால் இரண்டு பாஸ்போர்ட்டையும் வைத்திருக்க இந்தியா விடாது. பெரும்பாலானவர்கள் ஜெர்மன் பாஸ்போர்ட், ஓசிஐ என்று போகிறார்கள். அதன் விலையைப் பிறகுதான் அறிகிறார்கள்: 2021 மார்ச் 4-ம் தேதி அறிவிக்கையின்படி, அதற்குப் பிறகு ஓசிஐ பெற்றவர் நீட், ஜே.இ.இ. வழியில் என்.ஆர்.ஐ. இடங்களுக்குத்தான் போட்டியிட முடியும். மதுரையிலேயே பிறந்து வளர்ந்து பிளஸ் டூ எழுதினாலும் அப்படித்தான். தமிழ்நாட்டில் தங்கப்போகிறீர்கள் என்றால், பாஸ்போர்ட் எடுக்கும் முன் இதைப் பேசுங்கள்.

மாறும் வயதும் முக்கியம். ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு பிள்ளைகளை வெவ்வேறு பள்ளி வகைகளுக்குப் பிரித்துவிடுவார்கள். பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் ஆறாம் வகுப்புக்குப் பிறகு. எட்டு, ஒன்பது வயதில் ஜெர்மன் தெரியாமல் போய் இறங்கும் குழந்தை, மொழி பிடிபடும் முன்பே பிரிக்கப்படும். வீட்டிலேயே பாடம் நடத்தலாம் என்பதும் அங்கே செல்லாது, பள்ளிக்குப் போவது கட்டாயம். ஆறு வயதுக்கு முன் போவது நல்லது. எதிர்த்திசையில், தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயப் பாடம். வீட்டில் தமிழ் பேசாமல் வளர்ந்த பிள்ளையை எட்டாம் வகுப்பில் கொண்டுவந்து சேர்த்தால் பாவம் அது.

இன்னொன்று. பிள்ளைகளை ஒரு பெற்றோர் மற்றவர் சம்மதமின்றி வேறு நாட்டுக்குக் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவதற்கான 1980 ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. ஜெர்மன் துணைவரின் குடும்பம் இதைக் கேட்டால் கோபப்படாதீர்கள்.

7. அறுபதுக்குப் பிறகு

ஜெர்மன் ஓய்வூதியத்துக்குக் குறைந்தது ஐந்து வருஷப் பங்களிப்பு வேண்டும். 1964-லும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு வழக்கமான ஓய்வு வயது 67. இரு நாட்டுச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. தகுதிக் காலத்துக்கு இரு நாட்டுப் பங்களிப்பையும் சேர்த்துப் பார்ப்பார்கள், ஓய்வூதியத்தை இந்தியாவிலும் வாங்கலாம். நான்கு வருஷம் வேலை பார்த்துவிட்டு, கட்டிய பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் அந்த வருஷங்கள் அத்தோடு போச்சு.

பணத்தைவிட மருத்துவக் காப்பீடுதான் கண்ணி. ஜெர்மனியில் ஓய்வூதியர்களுக்கான பொதுக் காப்பீட்டில் சேர, வேலை வாழ்க்கையின் இரண்டாம் பாதியில் பத்தில் ஒன்பது பங்கு பொதுக் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். நாற்பதிலிருந்து அறுபதுவரை கோயம்புத்தூரில் இருந்தவருக்கு அந்தக் கணக்கு இடிக்கும், கூடுதல் பணம் கட்டித் தன்விருப்ப உறுப்பினராக வேண்டியிருக்கும். 55 வயதைத் தாண்டியபின் தனியார் காப்பீட்டிலிருந்து பொதுக் காப்பீட்டுக்குத் திரும்புவது கிட்டத்தட்ட முடியாத காரியம். பராமரிப்புக் காப்பீட்டில் பலன் கிடைக்கவும் கடைசிப் பத்து வருஷத்தில் இரண்டு வருஷம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். ஆகவே ஜெர்மனியைவிட்டுக் கிளம்பும்போது பொதுக் காப்பீட்டில் இருங்கள். திரும்பும்போது என்ன நிலை என்பதை நிறுவனத்திடம் கடிதமாக வாங்குங்கள்.

இந்தியப் பக்கம் எளிது: ஏற்கனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருஷம். திரும்புவதற்கு முன்பே பாலிசி எடுக்க முடியுமா என்று பாருங்கள்.

8. ஒத்திகை

தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் போய்வந்து முடிவெடுக்காதீர்கள். ஜெர்மன்காரர் கத்திரி வெயிலில் மே மாதம் இங்கே இருக்கட்டும். தமிழ்நாட்டுக்காரர் நான்கு மணிக்கே இருட்டிவிடும் டிசம்பரில் தொடங்கி பிப்ரவரிவரை அங்கே இருக்கட்டும். மாமனார் வீட்டில் தங்க வேண்டாம், தனியாக வாடகைக்கு எடுங்கள். காரணம், விருந்தோம்பலுக்குள் இருக்கும்வரை ஊர் கண்ணுக்குத் தெரியாது. வெளியாள் தனியாக ஒரு அலுவலக வேலையை முடிக்க வேண்டும், தனியாக ஒரு மருத்துவரைப் பார்க்க வேண்டும், துணைவர் வழியாக அல்லாமல் ஒரு நண்பரையாவது பிடிக்க வேண்டும். மூன்றாவது நடக்கவில்லை என்றால் அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

9. முடிவை எழுதி வையுங்கள்

எந்த நாடு, எதுவரை, எது நடந்தால் மறுபடி பேசுவோம் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். "அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனால்", "மூன்று வருஷத்தில் அங்கீகாரம் வரவில்லை என்றால்", "மூத்தவள் நான்காம் வகுப்பு முடிக்கும்போது" என்று நிகழ்வைக் குறிப்பிடுங்கள். "பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம்" என்று எழுதினால் பிடிக்காதவர் ஒவ்வொரு நாளும் வழக்கு நடத்த வேண்டியிருக்கும். விட்டுக்கொடுத்து வந்தவருக்கு வருஷத்துக்கு ஒரு முறை ஊர்ப் பயணம் குடும்பச் செலவுக் கணக்கில் வரட்டும், அவர் கேட்டு வாங்கும் சலுகையாக வேண்டாம்.

கடைசியாக உயில். 2015 ஆகஸ்ட் 17 முதல் நேரும் மரணங்களுக்கு, ஜெர்மனி வாரிசுரிமையைக் கடைசியாக வழக்கமாக வசித்த நாட்டின் சட்டப்படி பார்க்கிறது. உயிலில் எழுதி வைத்தால் சொந்தக் குடியுரிமை நாட்டின் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஊரில் வீடோ நிலமோ இருப்பவர்கள், சாமான்களைக் கப்பலில் ஏற்றும் முன் இரு நாட்டு வழக்கறிஞரிடமும் ஒரே வரைவைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாட்டு உயில் இன்னொன்றை ரத்து செய்யும்படி எழுதப்பட்டுவிடுவது சர்வசாதாரணமாக நடக்கிறது.